தூதரகச் சட்டம் படிக்க எங்கே போவது?

கேள்வி: பந்தலூர் பக்கம் சேரம்பாடியிலிருந்து எழுதுகிறேன். பி.ஏ. வரலாறு கடைசி வருடம். பாட்டி சிலோனிலிருந்து வந்தவர். 1972-ல் கண்டியில் கொடுத்த அவருடைய இந்திய பாஸ்போர்ட் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்தே தூதரகச் சட்டம் படிக்கும் ஆசை வந்தது. அந்தப் பட்டம் எங்கே கிடைக்கும்? படித்தால் தூதரகத்தில் வேலை உண்டா?

பதில்: அந்தப் பெயரில் பட்டம் தேடி அலைய வேண்டாம். தூதரகச் சட்டம் என்பது சர்வதேசச் சட்டத்துக்குள் வரும் ஒரு பகுதி. எல்.எல்.பி.யில் சர்வதேசச் சட்டம் கட்டாயப் பாடம். அதில் தூதர்களைப் பற்றி ஓர் அலகு வரும். வகுப்பில் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் ஓட்டிவிடுவார்கள். மீதியை நீங்களாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

பி.ஏ. முடித்ததும் 3 ஆண்டு எல்.எல்.பி.க்கு விண்ணப்பியுங்கள். அரசு சட்டக் கல்லூரிகளுக்கான சேர்க்கையை தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது; டிகிரி மதிப்பெண்தான் கணக்கு. நீலகிரிக்குப் பக்கம் கோவை அரசு சட்டக் கல்லூரி. சேரம்பாடியிலிருந்து தினம் போய்வர முடியாது, ஹாஸ்டல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்.எல்.எம்.மில் சர்வதேசச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு.

வழி இவ்வளவுதான். நீங்கள் கேட்காத ஒன்றை இனிமேல்தான் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. பலரும் முதல் பாதியின் பளபளப்பைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

முதல் பாதி, 1961-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. தூதர்களுக்கானது. தூதரைக் கைது செய்யக் கூடாது (பிரிவு 29), தூதரகத்துக்குள் அனுமதியில்லாமல் போலீஸ் நுழையக் கூடாது (பிரிவு 22). இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவார்கள். 'தூதரகம் இருக்கும் இடம் அந்நிய மண்' என்று பரீட்சையில் எழுதிய தாள்களை நான் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். டெல்லியில் இருக்கும் எந்தத் தூதரகமும் இந்திய மண்ணில்தான் இருக்கிறது. உள்ளே நுழையத் தடை இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் பாதி, 1963-ம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. துணைத் தூதரகங்களுக்கானது (ஆங்கிலத்தில் கான்சுலேட்). உங்கள் பாட்டியின் பாஸ்போர்ட் இந்தப் பாதியைச் சேர்ந்தது. பிரிவு 5-ஐ எடுத்துப் படியுங்கள். தன் நாட்டு மக்களுக்கு பாஸ்போர்ட் கொடுப்பது, ஆபத்தில் உதவுவது, நோட்டரி வேலை பார்ப்பது, பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது, இறந்தவரின் சொத்தைக் கவனிப்பது என்று கிட்டத்தட்ட ஒரு தாலுகா அலுவலகத்தின் வேலைப் பட்டியல் போலவே இருக்கும்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி, சிலோனில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் அப்படி வந்தவைதான். இதில் ஒரு நல்ல பரீட்சைக் கேள்வி ஒளிந்திருக்கிறது. 1963 உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1977-ல். அப்படியானால் 1972-ல் எந்தச் சட்டத்தின்படி கண்டியில் உங்கள் பாட்டிக்கு பாஸ்போர்ட் கொடுத்தார்கள்? எழுதி வைப்பதற்கு முன்பே நாடுகள் பின்பற்றி வந்த வழக்காற்றுச் சட்டம் ஒன்று உண்டு. உடன்படிக்கை அதில் பெரும்பகுதியை எழுத்தில் கொண்டுவந்தது. போதாததற்கு இரு நாடுகளும் செய்துகொண்ட தனி ஒப்பந்தம் இருந்தது. தூதரகமே துணைத் தூதரக வேலையையும் பார்க்கலாம் என்று 1961 உடன்படிக்கையின் பிரிவு 3 சொல்கிறது; அதில் இந்தியா 1965-லேயே சேர்ந்துவிட்டது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதப் பழகினாலே பாதிப் பாடம் பிடிபட்டுவிடும்.

இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம் நடைமுறையில் எப்படிக் கடிக்கும் என்பதற்கு 2013-ஐப் பாருங்கள். நியூயார்க்கில் நம் துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே, வீட்டுப் பணியாளரின் விசா தொடர்பான புகாரில் கைதானார். துணைத் தூதரக அதிகாரிக்கு அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே வழக்கிலிருந்து விலக்கு. இந்தியா அவரை ஐ.நா.வுக்கான நிரந்தரக் குழுவுக்கு மாற்றியது. அந்தப் பதவியோடு தூதருக்குரிய முழு விலக்கும் வந்தது. 2014 ஜனவரியில் நாடு திரும்பினார். ஆள் அதே ஆள்தான், மாறியது நாற்காலி.

அடுத்தது 1963 உடன்படிக்கையின் பிரிவு 36. வெளிநாட்டவரைக் கைது செய்தால், அவருடைய துணைத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை இருப்பதைத் தாமதமின்றி அவரிடம் சொல்ல வேண்டும். பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கு இதன் மேல் நின்றது. உளவுக் குற்றச்சாட்டு என்பதால் இது பொருந்தாது என்றது பாகிஸ்தான். 2019 ஜூலை 17 அன்று சர்வதேச நீதிமன்றம் 15-க்கு 1 என்ற கணக்கில் அந்த வாதத்தைத் தள்ளியது. விடுதலை செய்யச் சொல்லவில்லை; துணைத் தூதரகத் தொடர்புக்கு வழிசெய்து, தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. தீர்ப்பு நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் படியுங்கள், ஆங்கிலம் முதல் பத்துப் பக்கம் படுத்தும், அப்புறம் பழகிவிடும்.

சரி, வேலை. தூதரக அதிகாரியாக வேண்டுமானால் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி); அதற்கு வழி யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு. எந்த டிகிரியும் போதும், சட்டம் கட்டாயமில்லை. சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் அதில் சர்வதேசச் சட்டம் வரும் என்பது ஒரு லாபம். வெளியுறவு அமைச்சகத்தில் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு என்று தனியாக உண்டு. சட்டம் படித்தவர்களுக்கு அது நேரான இடம், ஆனால் பதவிகள் குறைவு. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

வக்கீலாகவே இருந்தாலும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. வளைகுடாவில் இறந்தவரின் உடலையும் சம்பள பாக்கியையும் கேட்டு அலையும் குடும்பம், வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியாமல் விட்டுவிட்ட பெற்றோர், சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்டில் முத்திரையை வாங்கத் தெரியாமல் ஏஜென்டிடம் பணம் கொடுப்பவர் என்று கூடலூர் கோர்ட் வாசலிலேயே ஆள் கிடைக்கும்.

இன்னொன்று. பாட்டியின் பாஸ்போர்ட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள். மலை ஈரத்துக்கு டிரங்குப் பெட்டியும் ஆகாது. எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் எடுத்துவிட்டு, உலர்ந்த உறையில் போட்டு பீரோவில் வையுங்கள்.