மாமியார் சொல்லும் எக்ஸ்ரே பயம்

கேள்வி: இடுப்பு வலிக்காகக் கீழ்முதுகில் இரண்டு எக்ஸ்ரே எடுத்தேன். கடைசி மாதவிலக்கிலிருந்து அது 26-ஆம் நாள். பத்து நாள் கழித்துத்தான் கர்ப்பம் என்று தெரிந்தது. கலைத்துவிடச் சொல்கிறார் மாமியார்.
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: வேண்டவே வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேக்களில் கருவுக்கு அதிகம் படுவது நீங்கள் எடுத்த வகைதான். கருப்பை நேராகக் கதிரின் பாதையில் வந்துவிடுகிறது. அப்படியும் படுவது 1 முதல் 10 மில்லிகிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). 50-க்குக் கீழே பிறவிக் குறைபாடு கூடுவதாகத் தெரியவில்லை. 100-க்குக் கீழே கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கலைப்பது நியாயமில்லை என்கிறது சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம். பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பு கூடினாலும் மிகச் சொற்பம்.

நாள் கணக்கும் உங்கள் பக்கம். 28 நாள் சுழற்சி என்றால், படம் எடுத்தபோது கரு உருவாகிச் சுமார் 12 நாள். அப்போது மிக அதிகக் கதிர் பட்டால் கரு நிலைக்காது. நிலைத்துவிட்டால் பழுதின்றி வளரும். மூளைக்கு ஆபத்தான காலம் 8 முதல் 15 வாரம், அதுவும் பெரிய அளவுகளில்.

படத்தையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். தேதி, எந்தப் பகுதி, எத்தனை படம், சரியாக விழவில்லை என்று மறுபடி எடுத்தார்களா: மகப்பேறு மருத்துவருக்கு இவ்வளவு போதும். இடுப்புக்கு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் கதையே வேறு. அதில் 10 முதல் 50 வரை போகும். அளவைக் கணக்கிட்டுத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேள்வி: மனைவிக்கு ஐந்து மாதம். மூன்று வாரமாக இருமல். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பிரசவம்வரை தள்ளிப் போடலாமா?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: கூடாது. காசநோயாக இருந்தால் காத்திருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. சளிப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது அதிகபட்சம் 0.01 மில்லிகிரே. மண், வானம், சோறு, தண்ணீர் வழியாக ஒன்பது மாதத்தில் தானாகவே 0.5 முதல் 1 வரை வந்துவிடுகிறது.

ஈய ஏப்ரனைப் பெரிதாக நம்ப வேண்டாம். வயிற்றுக்கு வருவது பெரும்பாலும் நெஞ்சில் பட்டுச் சிதறி, உடம்புக்குள்ளேயே இறங்கும் கதிர். வெளியே போர்த்துவது அதைத் தடுக்காது. கொடுத்தால் கட்டிக்கொள்ளட்டும். அது நெஞ்சுவரை ஏறிப் படத்தை மறைத்தால் இரண்டாவது முறை எடுக்க வேண்டிவரும். கதிரை நெஞ்சளவுக்குக் குறுக்குவதே உண்மையான பாதுகாப்பு. அதனால் உள்ளே போனதுமே ‘ஐந்து மாதம்’ என்று டெக்னீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். ‘சாஸ் ரோக்கோ’ என்று குரல் வந்ததும் மூச்சை அடக்கி அசையாமல் நின்றால் ஒரே படத்தில் முடிந்துவிடும்.