அமராவதி சைனிக் பள்ளி யாருக்கானது? – கடிதமும் பதிலும்

வணக்கங்க,

எங்களுக்கு மடத்துக்குளம் பக்கம். மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குப் பரீட்சை எழுதணும் என்று அவளே கேட்கிறாள். அவளுடைய அப்பாரு, அதாவது என் மாமனார், “அது மிலிட்டரி ஆபீசருக பிள்ளைகளும் காசு இருக்கறவங்க பிள்ளைகளும் படிக்கற எடம், நமக்கெதுக்கு” என்கிறார். அணைக்குப் போகும்போது வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. அந்தப் பள்ளியின் கதையை எழுதினீர்கள் என்றால் அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

ம., மடத்துக்குளம்

அன்புள்ள ம.,

உங்கள் மாமனார் சொல்வதில் இன்றைக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியை ஆரம்பித்ததே அவர் சொல்கிற நிலைமையை மாற்றத்தான், அதை அவருக்கு முதலில் சொல்லுங்கள்.

சுதந்திரம் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆன பிறகும் ராணுவத்தில் ஆபீசர் ஆகிறவர்கள் சில மாநிலங்களிலிருந்தும் வசதியான சில குடும்பங்களிலிருந்தும்தான் அதிகம் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய கட்டணம் வாங்கும் விடுதிப் பள்ளிகளில் ஆங்கிலத்தில் படித்த பையன்களோடு போட்டிபோட்டு, ஆபீசர்களுக்குப் பயிற்சி கொடுக்கும், புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசிய பாதுகாப்பு அகாடமிக்குள் போவது கிராமத்துப் பையனுக்கு லேசான காரியமா? இதைச் சரிசெய்யத்தான் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் 1961இல், அந்த அகாடமிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் விடுதிப் பள்ளிகளாக, சைனிக் பள்ளிகளைக் கொண்டுவந்தார். முதல் பள்ளி மகாராஷ்டிரத்தில் சதாரா. பிராந்திய ஏற்றத்தாழ்வையும் வர்க்க ஏற்றத்தாழ்வையும் போக்குவது, அந்த வகைப் படிப்பைச் சாமானியனுக்கு எட்டச் செய்வது என்று இந்தப் பள்ளிகளின் நோக்கமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கு அது வந்தது 1962 ஜூலை 16இல். காமராஜர் முதலமைச்சர், மாநிலத்துக்குப் பெயர் இன்னும் சென்னை, பள்ளி இருக்கும் உடுமலைப் பக்கம் அப்போது கோவை மாவட்டத்தில் (திருப்பூர் மாவட்டம் பிரிந்தது 2009இல்தான்). அமராவதி அணை கட்டி முடித்து ஐந்தே வருடம். பாசனத்துக்கு அணை கட்டிய அதே இடத்தில், ஆனைமலை அடிவாரத்தில், நிலமும் கட்டடமும் உதவித்தொகையும் மாநில அரசு கொடுப்பது, நடத்துவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள சைனிக் பள்ளிகள் சங்கம் என்ற ஏற்பாட்டில் பள்ளி வந்தது. மூன்று மாதத்தில் சீனப் போர் வந்தது, கிருஷ்ண மேனனின் பதவி போனது. பள்ளிகள் நிலைத்துவிட்டன.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த உதவித்தொகைதான். பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பது யாராலும் முடியும். அப்படித் தேறிய பிள்ளையின் அப்பன் கட்டணம் கட்ட முடியாதவனாக இருந்தால், வீட்டு வருமானத்தைப் பார்த்து அரசு கட்டும் என்று ஒரு வழி வைத்தார்களே, அதனால்தான் இது பொதுப் பள்ளி. இன்றைக்குக் கட்டணம் வருடத்துக்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கட்டணம் ஏற ஏற உதவித்தொகையும் அதற்கான வருமான வரம்பும் கூடவே ஏற வேண்டும், இல்லையென்றால் 1962இல் எதற்காக ஆரம்பித்தார்களோ அது போய்விடும். நாலாவதிலிருந்தே கோச்சிங் சென்டருக்கு அனுப்ப முடிகிற வீடுகள் முந்திக்கொள்கின்றன என்பதும் உண்மை. உங்கள் மாமனாரின் கோபம் நியாயமாவது இந்த இரண்டு இடத்தில்தான்.

மற்றபடி, 67 சதவீத இடம் பள்ளி இருக்கிற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. படையினர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீடு நாலில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி ஒதுக்கீட்டோடு 2021-22 முதல் பிற்படுத்தப்பட்டோருக்கும் 27 சதவீதம் உண்டு. அதே வருடம்தான் சைனிக் பள்ளிகள் எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அறுபது வருடத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் யாருக்கும் கிடைக்காத இடம் அது, உங்கள் மகள் அதைக் கேட்கிறாள். எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

கிராமத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நடத்தும் இலவச விடுதிப் பள்ளியான நவோதயா தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை, இந்திப் பிரச்சினையால் அதை நாம் ஏற்கவில்லை. அந்த முடிவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அதனாலேயே இங்கே அமராவதிநகர் பள்ளியின் மதிப்பு கூடுகிறது.

பரீட்சை விஷயம். ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான், அதனால் இந்த வருடத்தை விடாதீர்கள். மொத்தம் 300 மதிப்பெண், அதில் கணக்குக்கு மட்டும் 150. பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காகப் போட்டுப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு, அதற்கு அவளுடைய டீச்சரே போதும். எழுத்துத் தேர்வு முடிந்ததும் மருத்துவப் பரிசோதனை இருக்கும், கண்ணை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

வயது மார்ச் 31 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், பிற்படுத்தப்பட்டோர் என்றால், மத்திய அரசுப் படிவத்தில் கேட்பார்கள். நம் தாலுகா ஆபீசில் வழக்கமாகத் தருவது அதற்கு ஆகாது. வருமானச் சான்றிதழோடு அதையும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், அறிவிப்பு வந்த பிறகு அலைய வேண்டாம்.