வாசகர் கேள்வி பதில்: நீர்வண்ணம் பழக மியூசியத்துக்குப் போகலாமா?

கேள்வி: மியூசியத்தில் ஒரு ஓவியர் நீர்வண்ணத்தில் நேரடியாக வரைந்து காட்டுகிறார், மறுநாள் பயிலரங்கும் இருக்கிறது. வீடியோவிலேயே எல்லாம் கிடைக்கும்போது அதற்குப் போகத்தான் வேண்டுமா?

பதில்: கண்டிப்பாகப் போங்கள். நீர்வண்ணத்தில் பாதி வேலை காத்திருப்பதுதான், வீடியோவில் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். நேரில் பார்த்தால் அது முழுசாகக் கிடைக்கும். நனைத்த தாள் முதலில் பளபளவென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் ஈரம் உள்ளே இருக்கும்போதே பளபளப்பு மட்டும் மங்கிவிடும், அப்புறம்தான் நன்றாகக் காயும். இந்த மூன்றில் எந்தக் கட்டத்தில் ஓவியர் பிரஷை வைக்கிறார், எப்போது கையை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பளபளக்கும்போது வைத்த நிறம் தன் இஷ்டத்துக்கு ஓடும், மேகத்துக்கும் பனிமூட்டத்துக்கும் அது போதும். மங்கிய பிறகு வைத்தால் உருவம் நிற்கும், ஓரம் மட்டும் கரையும், தூரத்து மரங்கள் அப்படித்தான் வருகின்றன. காய்ந்த தாளில் ஓரம் வெட்டினதுபோல் விழும். படம் எப்படி முடிகிறது என்பதிலேயே கண்ணை வைத்திருந்தால் இதெல்லாம் தவறிப்போகும்.

ஓவியருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் உட்காருங்கள், வெளிச்சம் சாய்வாகப் பட்டால்தான் தாளின் ஈரம் கண்ணுக்குத் தெரியும். நிறத்தைத் தொட்ட பிரஷைத் துணியில் ஒருமுறை ஒற்றுகிறாரே, அதையும் பாருங்கள், தண்ணீர்க் கணக்கு முழுக்க அந்த ஒற்றலில்தான் இருக்கிறது. சந்தேகம் கேட்பதானால் தாள் காயக் காத்திருக்கும் நேரத்தில் கேளுங்கள்.

மியூசியத்துக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. சுவரில் அசல் ஓவியங்கள் மாட்டியிருந்தால், டெமோ முடிந்த கையோடு அங்கே போய் வெள்ளை எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது வண்ணமே கிடையாது, தொடாமல் விட்ட தாள். சில இடங்களில் சுரண்டி எடுத்திருப்பார்கள், நீர்வண்ணத்துக்குப் பேர்போன ஆங்கிலேய ஓவியர் டர்னர் கட்டைவிரல் நகத்தாலேயே சுரண்டியவர். அச்சுப் படத்தில் இந்தக் கீறலெல்லாம் சரியாகத் தெரியாது.

கேள்வி: ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்து வண்ணம் தீட்டலாம் என்று போனேன். பென்சில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் இத்தனை கெடுபிடி?

பதில்: நியாயமான கெடுபிடிதான். நீர்வண்ணத்தைத் தாளில் பிடித்துவைப்பது ஒருவகை வேல மரத்துப் பிசின், எத்தனை வருடம் ஆனாலும் தண்ணீர் பட்டால் அது திரும்பக் கரையும். ஒரு துளி தெறித்தாலே போச்சு. பென்சிலிலேயே நிறைய செய்யலாம். உருவத்தைச் சின்னதாகப் போட்டுக்கொண்டு, எங்கே வெளிறல், எங்கே அடர்த்தி என்று 1 முதல் 5 வரை எண் எழுதி வாருங்கள். பயிலரங்கில் உட்கார்ந்து அந்த எண்களை வைத்துத் தீட்டினால், கண்ணை நம்புவதைவிடச் சரியாக வரும்.

கேள்வி: பயிலரங்கில் நான் போட்ட வானம் முழுக்கக் காலிஃபிளவர் மாதிரி திட்டுத்திட்டாக ஆகிவிட்டது. பெயின்ட் மட்டமா?

பதில்: பெயின்ட் மேல் பழி வேண்டாம். தாள் பாதி காய்ந்திருக்கும்போது அதைவிட ஈரமான பிரஷை வைத்திருப்பீர்கள். புதிதாக வந்த தண்ணீர் அங்கே இருந்த நிறத் துகளைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்த்துவிடும், அந்த ஓரம்தான் பூப்பூவாகத் தெரிகிறது. சரிசெய்கிறேன் என்று மேலே மேலே தேய்த்தால் இன்னும் மோசமாகும். அப்படியே விட்டு, முழுக்கக் காய்ந்ததும் ஈரப் பிரஷால் மெதுவாகத் தடவி ஒற்றி எடுங்கள்.

கேள்வி: நீர்வண்ண அரங்கில் மட்டும் ஏன் அரையிருட்டு?

பதில்: வெளிச்சம் பட்டு வெளிறிய நிறம் திரும்ப வராது என்பதால்தான். வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கு வைக்கிறார்கள், சில மாதம் மாட்டிவிட்டுப் பிறகு இருட்டில் எடுத்துவைக்கிறார்கள். ஹென்றி வான் என்ற ஓவியச் சேகரிப்பாளர் டர்னரின் நீர்வண்ணங்களை டப்ளினில் உள்ள தேசிய ஓவியக்கூடத்துக்கு 1900இல் உயில்மூலம் கொடுத்தார், ஜனவரியில் மட்டும்தான் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கே அப்போதுதான் வெளிச்சம் குறைவு. அந்த ஓவியங்கள் இன்றும் நிறம் குன்றாமல் இருப்பதற்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பார்க்க நினைத்த படம் சுவரில் இல்லையென்றால் சோர்ந்துவிடாதீர்கள், பல பெரிய மியூசியங்களில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாசிப்பறையில் எடுத்துக் காட்டுவார்கள்.

கேள்வி: பயிலரங்குக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம்), முழுப் பருத்தித் தாள். மெலிந்த தாள் நனைந்ததும் நெளியும், பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். நீலம், சிவப்பு, மஞ்சள், முனை கூரான உருண்டை பிரஷ் ஒன்று, பழைய பருத்தித் துணி, தண்ணீருக்கு இரண்டு டம்ளர். ஒன்று கழுவ, இன்னொன்று நிறம் கலக்க.