மகன் பெயரில் டெபாசிட் போடும் முன் பென்ஷனைப் பாருங்கள்

கேள்வி: மகனுக்கு 43 வயது, டவுன் சிண்ட்ரோம். பல வருடமாக ஒரு சிறப்பு மையத்தின் பட்டறையில் பேப்பர் கவர் ஒட்டுகிறான், மாதம் 1,800 ரூபாய் ஊக்கத்தொகை. இப்போது கை ஓடவில்லையாம், வாரம் மூன்று நாள் வந்தால் போதும், தொகையும் பாதிதான் என்கிறார்கள். கணவர் மத்திய அரசு பென்ஷனர், எனக்கு 70 ஆகிவிட்டது. நிலம் விற்ற 40 லட்சத்தை அவன் பெயரிலேயே டெபாசிட் போட்டுவிடலாமா?

பதில்: மொத்தத்தையும் போடாதீர்கள் அம்மா. உங்கள் இருவருக்கும் பிறகு அவருக்கு ஆயுள் முழுக்க வரக்கூடியது குடும்ப பென்ஷன்தான், ஆனால் அதற்கு ஒரு வருமான வரம்பு இருக்கிறது: அவருடைய மற்ற வருமானம், அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 1,800 ரூபாயால் ஒன்றும் ஆகாது. 40 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் வரும், பலருக்கு அதுவே வரம்பைத் தாண்டிவிடும், அப்புறம் பென்ஷன் கையை விட்டுப் போகும். அதனால் பணம் இப்போது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், உயிலில் அவருக்காக ஒரு டிரஸ்ட் அமைத்து எழுதுங்கள், எழுதித் தரும் வக்கீலிடம் இந்த வரம்பைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கணவர் இருக்கும்போதே மகன் பெயரை பென்ஷன் ஆணையில் சேர்க்க மருத்துவச் சான்றிதழோடு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். பெற்றோர் போன பிறகு அண்ணன் தம்பிகள் இதற்காக அலைவதைப் பார்த்தால் வயிறு எரியும். 18 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்துக் காப்பாளர் சான்று வாங்குங்கள். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும், அதையும் எடுத்து வையுங்கள்.

வேலை விஷயத்தில், கை ஓடவில்லை என்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு முதுமை சீக்கிரமே வந்துவிடும், நாற்பதுகளிலேயே மறதி நோய் தொடங்குவதும் உண்டு என்பது உண்மைதான், ஆனால் தைராய்டு குறைவோ கண்புரையோ காது மந்தமோ இருந்தாலும் கவரின் ஓரம் மடிக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார், இவை மூன்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. அந்தப் பரிசோதனைகளை இந்த மாதமே செய்துவிடுங்கள். ஊக்கத்தொகை பாதியானாலும், நின்றே போனாலும், அவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தாதீர்கள், ஆட்டோ செலவு உங்கள் கையிலிருந்து போனாலும் பரவாயில்லை. கூட்டாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த மூன்று நாளும் அவருக்கு வேண்டும்.