விண்வெளிப் பயண நேரலைக்குக் காசு கட்ட வேண்டுமா?

கேள்வி: விண்வெளி வீரர்கள் புறப்படுவதை நேரலையில் பார்க்க மகள் ஆசைப்படுகிறாள். போன முறை இரவிரவாக முழித்திருந்தோம். ஓடியது பழைய வீடியோ. இப்போது ரியூசனில் ஒருவர், 1,500 ரூபா கட்டினால் நேரலையும் ‘நாசா சான்றிதழும்’ தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? இங்கிருந்து வானத்தில் ஏதாவது தெரியுமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: ஒரு சதமும் கட்ட வேண்டாம். நாசா தன் நேரலையை ‘நாசா பிளஸ்’ தளத்திலும் தனது யூடியூப் சேனலிலும் இலவசமாகவே தருகிறது. சில பயணங்களுக்குப் பிள்ளைகளின் பெயரை இணையத்தில் பதிந்து, பெயர் போட்ட பயணச்சீட்டும் தருகிறது. அதுவும் இலவசம். அதை அச்சடித்துச் சான்றிதழ் என்று விற்பது பிள்ளைகளின் ஆசையை வைத்துச் செய்யும் வியாபாரம். பல பாடசாலைகளில் பெரிய திரை பூட்டிய அறைக்குள் கிடக்கிறது. ஒரு பின்னேரம் அதைத் திறந்துவிட்டால் இந்த இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காது. அதற்கும் நாலு கையொப்பம் கேட்கிறார்கள்!

நீங்கள் பார்த்த பழைய வீடியோ பெரும்பாலும் போலி நேரலையாகத்தான் இருக்கும். ஏவும் நாட்களில் யூடியூப்பில் இவை முளைக்கும். சிலவற்றில் ராக்கெட் நிறுவன முதலாளி ஈலோன் மஸ்க் பேசுவதுபோலச் செய்த வீடியோ ஓடும். பக்கத்தில் ஒரு கியூஆர் குறியீடு இருக்கும். கிரிப்டோ எனும் இணையக் காசை அனுப்பினால் இரட்டிப்பாகத் தருவார்களாம். நேரலையில் காசு கேட்டால் அது போலி. உடனே மூடிவிடுங்கள்.

அடுத்தது நேரம். அமெரிக்க நேரத்தை அப்படியே எடுத்துப் போடும் செய்திகளால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மார்ச் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, ஏவுதளம் இருக்கும் புளோரிடாவின் நேரத்தோடு ஒன்பதரை மணித்தியாலம் கூட்டுங்கள். மற்ற மாதங்களில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளிவிடுவார்கள். அப்போது பத்தரை கூட்ட வேண்டும். அங்கே செவ்வாய் இரவு 8 மணி என்றால் நமக்குக் கோடையில் புதன் விடிய 5.30, குளிர்காலத்தில் 6.30. கிழமையே மாறுவதைக் கவனியுங்கள். செவ்வாய் இரவு முழித்திருந்து பயனில்லை. இந்திய நேரம் போட்டிருந்தால் கணக்கே வேண்டாம், நமதும் அதுதான்.

ஒத்திவைப்புக்கும் பிள்ளையைத் தயார்படுத்துங்கள். இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா சென்ற ஆக்சியம்-4 விண்பயணம் முதலில் 2025 மே 29க்குக் குறிக்கப்பட்டது. பல தடவை தள்ளிப்போய் ஜூன் 25இல், நம் நேரம் நண்பகல் 12.01க்குத்தான் கிளம்பியது. சர்வதேச விண்வெளி நிலையத்தோடு விண்கலம் இணைந்தது ஏறக்குறைய 28 மணித்தியாலம் கழித்து. டேட்டா குறைவென்றால் கிளம்பும் முதல் பத்து நிமிடத்தையும் இணையும் கட்டத்தையும் மட்டும் பாருங்கள். சுற்றுப்பாதையை எட்டியதும் விண்கலத்துக்குள் ஒரு பொம்மை மிதக்கும். மகளுக்கு அது பிடிக்கும். திரும்பி வரும்போது சில நிமிடம் தொடர்பு அறுந்துபோகும். வெப்பத்தால் விண்கலத்தைச் சுற்றி உருவாகும் மின்னேற்ற வாயு வானொலி அலையைத் தடுப்பதுதான் காரணம், பயப்பட வேண்டாம்.

புளோரிடாவில் கிளம்பும் ராக்கெட் இங்கே தெரியாது. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையம் வெறுங்கண்ணுக்கே தெரியும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், பூமியை ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சுற்றுகிறது. நாசாவின் ‘ஸ்பாட் தி ஸ்டேஷன்’ செயலியில் ஊரைக் கொடுத்தால் நேரமும் திசையும் வரும். பொழுதுபட்ட பிறகோ விடியுமுன்போ கல்லடிக் கடற்கரையில் நில்லுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் குறைவு. மினுங்காமல் சீராக நகரும் வெள்ளைப் புள்ளிதான் அது. பின்னேரத்தில் கிழக்கே போகும்போது பூமியின் நிழலுக்குள் நுழைந்து சட்டென மறையும். மாரி காலத்தில் முகில் விடாது. பெப்ரவரிக்குப் பிறகு பாருங்கள். இதற்காகத் தொலைநோக்கி வாங்காதீர்கள். அவ்வளவு வேகமாக ஓடுவதைக் கடையில் விற்கும் சின்னக் குழாயால் பின்தொடர முடியாது.

ஏற்கெனவே முற்பணம் கொடுத்திருந்தால் மற்றப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போய்த் திருப்பிக் கேளுங்கள்.