நாங்கள் திருகோணமலை. ஒன்றரை வயது மகள் சோறு சாப்பிடுகிறாள் இல்லை, நாளுக்கு ஐந்து போத்தல் பால் குடிக்கிறாள். மோல்ட் (பாலில் கரைக்கும் சத்துமா), பழச்சாறு, '1 வயதுக்கு மேல்' பால்மா, இளநி, இவற்றில் எதைக் கொடுக்கலாம்?

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. சோறு இறங்குதில்லை என்கிறீர்கள். நாளுக்கு ஐந்து போத்தல் பால் குடிக்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு போத்தல் 200 மில்லி என்று வைத்தாலும் ஒரு லீட்டர் ஆகிறது. அந்தச் சின்ன வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? நீங்கள் கேட்ட நாலில் எது வந்தாலும் அந்த இடம் இன்னும் குறையத்தான் போகிறது.

நானும் திருகோணமலைதான். வீட்டில் இரண்டு வயது நிறையாத ஒருத்தன் ஓடித் திரிகிறான். கிளினிக்கில் கேட்டதையும் வாசித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஒரு வயதுக்கு மேல் பிள்ளைக்குத் தேவையான பானம் தண்ணியும் பாலும்தான். தாய்ப்பால் இருந்தால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019இல் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள், குழந்தைப் பல் மருத்துவர்கள், இருதய நோய்ச் சங்கம், உணவியலாளர்கள் என நாலு அமைப்புகள் ஒன்றாக இருந்து, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எதைக் குடிக்கலாம் என்று ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். அதிலும் முக்கியமாக இந்த இரண்டும்தான். சுவையூட்டிய பால், சீனி போட்ட பானங்கள், சின்னப் பிள்ளைகளுக்கென்றே விற்கும் விசேட பால்மா எல்லாம் வேண்டாத பக்கத்தில் போய்விட்டன. அந்தப் பால்மா நஞ்சில்லை. நன்றாக இருக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை, விலையும் கூடுதல், அவ்வளவுதான்.

பால் நல்லதுதானே, கூடக் குடித்தால் என்ன என்று கேட்பீர்கள். நாளுக்கு அரை லீட்டர் அளவு போதும். அதற்கு மேல் போனால் இரும்புச்சத்தில்தான் பிரச்சினை. 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாதாரண பசுப்பால் ஒரு லீட்டர் குடித்தாலும் ஒரு மில்லிகிராம்கூடக் கிடைக்காது. இரும்பு குறைந்தால் பிள்ளை வெளிறும், சோரும், பசியும் குறையும். பசி குறைந்தால் நாங்கள் என்ன செய்வோம்? பாவம் பிள்ளை என்று இன்னொரு போத்தல் கரைப்போம். உங்கள் மகளுக்கும் அப்படித்தான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது நிறையோடு இரத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: ஒரு போத்தலுக்கு எத்தனை கரண்டி மா போடுகிறீர்கள்? முழு ஆடைப் பால்மா என்றால் 200 மில்லிக்குக் கிட்டத்தட்ட 25 கிராம் வேண்டும். 400 கிராம் பெட்டியில் மூன்று லீட்டரளவு பால் வரும், அரை லீட்டர் கணக்குக்கு ஆறு நாள். பெட்டி இரண்டு கிழமைக்கு இழுபடுகிறதென்றால் பிள்ளை குடிப்பது பாலில்லை, வெள்ளைத் தண்ணி. விலை ஏறிய பிறகு பல வீடுகளில் மாவைக் குறைத்துச் சீனியைக் கூட்டுகிறார்கள். ஐந்து போத்தல் தண்ணிப்பாலை விட சரியாகக் கரைத்த இரண்டு கப் எவ்வளவோ மேல். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்திலிருந்து பசும்பால் எடுக்க வசதி இருந்தால் நன்றாகப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். சட்டித் தயிரை மோராக அடித்தும் கொடுக்கலாம், ஆனால் இனிப்புப் பாணி விடாமல்.

அடுத்தது நீங்கள் கேட்காதது, தேத்தண்ணி. கேட்காவிட்டாலும் உங்கள் வீட்டில் இருக்கும், எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் காலையில் மாமி வெறுந்தேத்தண்ணியைச் சோசரில் ஊற்றி ஊதி ஆற்றுவா. என் மகன் மடியில் ஏறிவிடுவான். மேரி பிஸ்கட்டை அதில் தோய்த்து, சொட்டச் சொட்ட வாயில் வைப்பா. நான் முகத்தைச் சுருக்கினால், "ஒரு வாய்தானே பிள்ளை, நாங்கள் எல்லாம் இதைக் குடிச்சுத்தானே வளர்ந்தனாங்கள்" என்பா. ஒரு வாய் என்றால் நானும் விட்டிருப்பேன். அது காலை, பத்து மணி, பின்னேரம் என்று நீண்டு போகிறது. தேயிலையில் இருக்கும் தனின் என்ற பொருள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. எங்கள் பிள்ளைகளுக்கு இரும்பு பெரும்பாலும் பருப்பிலும் கீரையிலும் இருந்துதான் வருகிறது. தேத்தண்ணியிடம் கூடுதலாக மாட்டுப்படுவது அந்த வகை இரும்புதான். கஃபீன் வேறு, சீனி வேறு. மாமியோடு சண்டை பிடித்துப் பயனில்லை என்று, அவனுக்கென்று ஒரு சின்னப் பேணியில் இளஞ்சூட்டுப் பால் கொஞ்சம் ஊற்றி அவவின் பக்கத்தில் வைத்தேன். பிஸ்கட் தோய்ப்பதும் மடியும்தான் அவனுக்குத் தேவையாக இருந்தது. எதில் தோய்க்கிறா என்று அவன் பார்க்கவே இல்லை.

தேசிக்காயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனி போட்டுத் தேசிக்காய்த் தண்ணி கரைப்பதை விட, கீரையிலும் பருப்பிலும் நாலு சொட்டுப் பிழிந்து விடுங்கள். விட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

பழச்சாறு விஷயத்தில் பெட்டியில் இருக்கும் வட்டத்தைப் பாருங்கள். 2016இலிருந்து எங்கள் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிறக் குறியீடு கட்டாயம். 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. செம்மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று பலர் எடுக்கிறார்கள். பத்து கிராம் இருந்தாலும் அது செம்மஞ்சள்தான். 200 மில்லிப் பெட்டி ஒன்றில் 20 கிராம், ஐந்து தேக்கரண்டி சீனி. உங்கள் தேத்தண்ணிக்கு நீங்கள் அவ்வளவு போடுவீர்களா? சீனி சேர்க்காத சாறு என்றாலும் 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம், ஒரு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் கணக்கு. பப்பாசியையோ மாம்பழத்தையோ துண்டாகக் கையில் கொடுங்கள். சட்டை பழுதாகும், ஆனால் நார் வயிற்றுக்குள் போகும்.

மோல்ட் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விட்டமின் சேர்த்திருக்கிறார்கள், உண்மை. சீனியும் சேர்ந்தே வருகிறது, பிறகு வெறும் பாலைப் பிள்ளை தொடாது. இரண்டு வயது வரையாவது ஒத்திப் போடுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிலாவெளி றோட்டில் செவ்விளநீர் வெட்டிக் கொடுக்கும்போது பிள்ளையும் வாயைத் திறக்கும். இரண்டு வாய் கொடுங்கள், குற்றமில்லை. வெட்டிய உடனே குடிக்க வேண்டும், நேரம் போனதை வேண்டாம். ஆனால் தாகத்துக்கு நாளாந்தம் தண்ணிதான். குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணி என்றாலும் சரி, வீட்டுக் கிணறு என்றாலும் சரி, கொதித்தாறிய தண்ணியையே கொடுங்கள்.

போத்தலை ஒரே நாளில் பறிக்காதீர்கள். முதலில் பகல் போத்தலைக் கப்புக்கு மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முந்திய ஒன்றரை இரண்டு மணித்தியாலத்துக்குப் பால் காட்ட வேண்டாம், தண்ணி மட்டும். இரண்டு மூன்று நாள் அழுவாள், பிறகு பசி தன் வேலையைச் செய்யும். இரவுப் போத்தலைக் கடைசியாக எடுக்கலாம், ஆனால் அதை வாயில் வைத்தபடி நித்திரைக்கு விட வேண்டாம். மேல் முன்பற்கள் முதலில் பழுதாவது அதனால்தான்.

வயிற்றோட்டம் வந்தால் மேலே சொன்ன சட்டம் எல்லாம் வேறு. இளநியில் பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. அதனால் அது ஜீவனிக்கு (வயிற்றோட்டத்துக்குத் தண்ணியில் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) பதிலாகாது. ஜீவனியைப் பொதியில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணியில் முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கண் குழிந்தாலோ இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.