பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்கு க்ளைமேட் நிதி (பருவநிலை மாற்றத்த சமாளிக்க குடுக்குற பணம்) குடுக்கணுமா, அது கடமையா இல்ல தர்மமா?

என்னைக் கேட்டா கடமைதான். 2022 பாகிஸ்தான் வெள்ளத்தையே எடுத்துக்கோங்க, 1,700 பேருக்கு மேல செத்தாங்க, 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டாங்க, சிந்து மாகாணத்துல மஞ்சர் ஏரி நிரம்பி வழிய ஆரம்பிச்சதும் செஹ்வான்ங்கற ஊரைக் காப்பாத்த அதிகாரிகளே கரைய வெட்டி விட்டாங்க, தண்ணி பூரா பக்கத்து கிராமங்களுக்குள்ள போச்சு. பூமிய சூடாக்கி இந்த மாதிரி மழைய அதிகமாக்குற உலக கார்பன் புகையில அந்த நாட்டோட பங்கு 1 சதவீதம் கூட இல்ல. இதுவரைக்கும் நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எரிபொருள எரிச்சு மனுஷன் காத்துல விட்ட கார்பன் டை ஆக்ஸைடுல கிட்டத்தட்ட கால்வாசி அமெரிக்காவோடது.

"அவங்க ஊர் டிரைனேஜ், அணை எல்லாம் மோசம், நாங்க ஏன் குடுக்கணும்"னு கேப்பாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, நிர்வாகக் கோளாறுக்கும் பங்கு உண்டு. ஆனா அதுக்காக மத்தவன் பங்கு இல்லன்னு ஆயிடுமா?

சரி குடுத்தாங்களான்னா, 2009ல கோபன்ஹேகன் க்ளைமேட் மாநாட்டுல பணக்கார நாடுகள் 2020க்குள்ள வருஷத்துக்கு 10,000 கோடி டாலர்னு சொன்னாங்க, அவங்க கணக்குப்படியே 2022லதான் அத எட்டினாங்க, அதுலயும் பெரும்பகுதி கடன் (வீட்ட இடிச்சவனே வட்டிக்கு பணம் குடுத்து கட்டிக்கோன்னு சொல்ற மாதிரி). வெள்ளத்துக்கு அப்புறம் ஜெனீவால பாகிஸ்தானுக்கு வாக்கு குடுத்த 900 கோடி டாலர் சொச்சத்துலயும் முக்கால்வாசிக்கு மேல கடன்தான்.

சட்டப்படி கோர்ட்டுக்கு இழுக்கலாம்னு பாத்தா, 2015ல பாரிஸ் க்ளைமேட் ஒப்பந்தம் போட்டப்பவே, அதுல க்ளைமேட் இழப்பு, சேதம் பத்தி சொல்ற பகுதி இழப்பீடு கேக்க ஆதாரம் ஆகாதுன்னு உஷாரா ஒரு வரி சேத்துட்டாங்க.